பீன்யா சின்ன ஃபேக்டரிக்கு காத்தாலை கரண்ட்: குரூப் கேப்டிவ் சேவை எப்படி இருக்கு

பெங்களூர் பீன்யால ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட் நடத்தறோம். கஸ்டமர் கியர், ஷாஃப்ட்னு கொண்டு வந்து இறக்குவாங்க, நாங்க ஃபர்னஸ்ல போட்டு கெட்டியாக்கி திருப்பிக் குடுக்கறோம், இரும்பு எங்களோடது இல்ல, அதனால எங்க செலவுல சம்பளத்துக்கும் வாடகைக்கும் முன்னாடி வந்து நிக்கறது கரண்ட் பில்லுதான். கார்பரைசிங் சார்ஜ் ஒண்ணு உள்ள போச்சுன்னா 900 டிகிரிக்கு மேல மணிக்கணக்கா நிக்கணும், ராத்திரி ஃபர்னஸை ஆஃப் பண்ணிட்டு காலைல வந்து பாத்துக்கலாம்ங்கற பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட எங்களுக்கு சித்ரதுர்கா பக்கம் சுத்தற காத்தாலைல இருந்து கரண்ட் வருது, குரூப் கேப்டிவ்னு சொல்றாங்களே அந்த முறைல. சேந்ததுக்கப்புறம் நல்ல காத்து சீசனையும் பாத்துட்டோம், காத்தே இல்லாத மாசங்களையும் பாத்துட்டோம், இப்ப தைரியமா எழுதலாம்னு தோணுச்சு. கம்பெனி பேர் போடல, இதே மாதிரி சேவை தர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் எழுதறது பெரும்பாலும் எல்லாருக்கும் பொருந்தும்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். ஹெச்டி, அதாவது உயர் அழுத்த கனெக்ஷன் இருந்து, ராத்திரி ஷிஃப்ட்டும் ஓடற யூனிட்டா இருந்தா தாராளமா எடுங்க. பகல் ஷிஃப்ட் மட்டும்னா சோலார் கலந்த ஆஃபரா பாருங்க. எல்டி, அதாவது தாழ்வழுத்த கனெக்ஷன்ல ஓடற சின்ன வொர்க்‌ஷாப்புக்கு இப்போதைக்கு இது எட்டாது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. எங்க ஊர் உடுமலைப்பேட்டை பக்கம், அங்க தனியா கெணறு வெட்ட வசதியில்லாத நாலஞ்சு தோட்டக்காரங்க சேந்து ஒரு கெணத்த வெட்டி, போட்ட பணத்துக்கு ஏத்த மாதிரி முறை வச்சு தண்ணி பாய்ச்சிக்குவாங்க, கிட்டத்தட்ட அதேதான். காத்தாலைக்குன்னு தனியா ஒரு கம்பெனி இருக்கும், அதுல குறைஞ்சது 26 சதவீத பங்கு கரண்ட் வாங்கற நம்ம மாதிரி ஆளுங்க கையில இருக்கணும், வருஷத்துக்கு உற்பத்தி ஆகற கரண்ட்ல குறைஞ்சது 51 சதவீதத்த நாமளே பயன்படுத்தணும், அதுவும் அவங்கவங்க வச்சிருக்கற பங்கு விகிதத்துல பத்து சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம், அதுக்கு மேல தாண்டக் கூடாது. இது 2005 மின்சார விதிகள்ல இருக்கு. இந்த கணக்கு சரியா இருந்தா அது "சொந்த உபயோக" மின்சாரம்னு ஆயிடும், வெளிய இருந்து கரண்ட் வாங்கறவங்க கிட்ட விநியோக கம்பெனிக்காக வசூலிக்கற கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் கிடையாது, அடிஷனல் சர்சார்ஜும் கிடையாதுன்னு 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. இந்த ரெண்டு சர்சார்ஜையும் சேத்துக் கட்டினா காத்தாலை கரண்ட் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல, வித்தியாசம் மொத்தமும் அதுலயே போயிடும். இந்த சேவையோட உயிரே அந்த 26ம் 51ம்தான்.

இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும், காத்து நாட்டுல இவ்வளவு இருக்கறப்ப ஒரு சின்ன தொழிற்சாலை ஏன் இப்படி சுத்தி வளைச்சு வரணும்னு. சென்னைல இருக்கற தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் போட்ட கணக்குப்படி 150 மீட்டர் உயரத்துல இந்தியால கிட்டத்தட்ட 1,164 கிகாவாட்டுக்கு காத்து இருக்கு. 2025 மார்ச் முடியறப்ப நாம நிறுவியிருந்தது சுமார் 50 கிகாவாட். இருபதுல ஒரு பங்கு கூட இல்ல. அப்ப தடை காத்துல இல்லைங்க, பணத்துலயும் கம்பிலயும் காகிதத்துலயும் நிலத்துலயும்தான் இருக்கு. நம்ம நாட்டுக்கு மட்டும் இல்ல, வளர்ந்துட்டு வர்ற எல்லா நாட்டுக்கும் இதே கதைதான்.

பணத்த மொதல்ல பாப்போம், இத கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா நிறைய பேர் இத பேசறதே இல்ல. காத்தாலைக்கு நிலக்கரி வேண்டாம், டீசல் வேண்டாம், செலவெல்லாம் மொத நாளே செஞ்சாகணும். மெகாவாட்டுக்கு 8 கோடின்னு வச்சுக்குவோம், 30 சதவீத திறன்ல ஓடுச்சுன்னா வருஷத்துக்கு 26 லட்சத்து 28 ஆயிரம் யூனிட் வரும். அந்த 8 கோடிய 20 வருஷத்துல அசலும் வட்டியுமா கட்டணும், வட்டி 5 சதவீதம்னா வருஷத்துக்கு 64 லட்சம், அதாவது யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசு. அதே மெஷின், அதே காத்து, வட்டி மட்டும் 11 சதவீதம்னா வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல, யூனிட்டுக்கு 3 ரூபாய் 82 காசு. பாத்தீங்களா, வட்டி மட்டுமே யூனிட்டுக்கு 1 ரூபாய் 38 காசு ஏத்துது. ஐரோப்பால ஒருத்தருக்கு கெடைக்கற கடனும் கென்யாலயோ இலங்கைலயோ ஒருத்தருக்கு கெடைக்கற கடனும் ஒரே வட்டில வராது, டாலர்ல கடன் வாங்கி உள்ளூர் காசுல கரண்ட் வித்தா ரூபாயோ ஷில்லிங்கோ விழற அடி வேற இருக்கு. ஏழை நாட்டுல காத்தாலை கரண்ட் விலை ஏறுதுன்னா அதுல பெரிய பங்கு வட்டிக்குப் போறதுதான்.

எங்க பக்கம் இத மில்லுக்காரங்க எப்படி தாண்டுனாங்கன்னு சின்ன வயசுலயே பாத்திருக்கேன். 1986ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல சோதனையா ஆரம்பிச்சது, 90கள்ல முப்பந்தல், ஆரல்வாய்மொழி, அப்புறம் பாலக்காட்டு கணவாய் காத்து வர்ற எங்க உடுமலை, பூளவாடி பக்கம்னு பரவுச்சு. கோயமுத்தூர், திருப்பூர் மில்லுங்களுக்கு அப்ப பவர் கட்டு தொல்லை, அதோட மெஷின் விலைய மொத வருஷமே வருமான வரி கணக்குல முழுசா தேய்மானமா கழிச்சுக்கலாம்னு சலுகை இருந்துச்சு, லாபத்துல வரி கட்டற பணம் காத்தாலையா மாறுச்சு. நல்ல லாபம் இருக்கறவங்களுக்கு அது அருமையான வழி. ஆனா லாபமே கம்மியா இருக்கற ஜாப் வொர்க் யூனிட்டுக்கு கழிக்க வரியே இல்லையே, அவங்க எப்படி போடுவாங்க? அப்புறம் 2012ல அந்த சலுகைய எடுத்தாங்க, 2014ல திரும்ப குடுத்தாங்க, 2017ல பாதியா குறைச்சாங்க, அதே 2017ல ஏல முறை வந்துச்சு, பிப்ரவரி மாசம் மொத ஏலத்துல யூனிட் 3 ரூபாய் 46 காசு, டிசம்பர்ல குஜராத் ஏலத்துல 2 ரூபாய் 43 காசுன்னு விழுந்துச்சு. கரண்ட் வாங்கறவங்களுக்கு சந்தோஷம், ஆனா அந்த வெலைக்கு பெரிய கம்பெனிங்களாலதான் நிக்க முடியும், ஒண்ணு ரெண்டு மெஷின் போடற சின்ன ஆளுங்க ஆட்டத்துல இருந்தே வெளிய வந்துட்டாங்க. மெஷின் செய்யற கம்பெனிங்களுக்கும் அதுக்கப்புறம் சில வருஷம் ரொம்ப கஷ்டம். நம்ம மாதிரி யூனிட்டுக்கு இப்ப மிச்சம் இருக்கற கதவு இந்த குரூப் கேப்டிவ் ஒண்ணுதான், அதனாலதான் இத இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறேன்.

சரி, சேவைக்கு வருவோம். சேர்றதுக்கு என்ன கேட்டாங்கன்னா, ரெண்டு வருஷ பில்லு, சாங்ஷன் லோடு லெட்டர், கம்பெனி பேலன்ஸ் ஷீட், அப்புறம் ஷேர் வாங்க பணம். ஷேர் பணம் நான் பயந்த அளவுக்கு இல்ல, ஒரு சின்ன ஃபர்னஸ் ரீலைனிங் பண்ற செலவுக்குள்ளதான் வந்துச்சு. கரண்ட் வாங்கற பாயிண்ட்ல ஏபிடி மீட்டர் மாத்தணும், இது 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ எவ்வளவு எடுத்தோம்னு பதிவு பண்ற மீட்டர், அந்தப் பக்கம் காத்தாலைலயும் இதே மாதிரி இருக்கும், ரெண்டையும் ஒத்துப் பாத்துதான் கணக்கு. மீட்டர், அதோட சேர்ற சிடி பிடி செட்டு (மீட்டருக்கான சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள்) செலவு நம்ம தலைல, கொட்டேஷன்ல அத சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, கேட்டு வாங்கி தனியா எழுதி வாங்கிக்கங்க.

பேப்பர் வேலைல இந்த கம்பெனிக்கு நான் நல்ல மார்க் போட மாட்டேன். அப்ளிகேஷன் போட்டாச்சு போட்டாச்சுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, ஃபாலோ அப் பண்ணா "ப்ராசஸ்ல இருக்கு சார்"ங்கற ஒரே பதில், கடைசில பாத்தா நாங்க கையெழுத்து போட்டுக் குடுத்த ஃபைல்ல ஒரு போர்டு ரெசல்யூஷன் காப்பி சேக்காம அவங்க ஆபீஸ்லயே கிடந்திருக்கு. அந்த தாமதத்துல நல்ல காத்து மாசங்கள்ல பாதி எங்களுக்கு போச்சு. பணத்துல கணக்கு போட்டா சின்னது இல்ல அது. மன்னிப்பு கேட்டாங்க, ஆனா அந்த யூனிட்டுக்கு ஈடா எதுவும் தரல. ஒப்பந்தத்துல "இந்த தேதிக்குள்ள சப்ளை ஆரம்பிக்கலன்னா இவ்வளவு ஈடு"ன்னு ஒரு வரி இருக்கணும், இல்லன்னா கையெழுத்தே போடாதீங்க.

சைட்டுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அது அவங்க செஞ்ச நல்ல காரியம், கேக்காமயே ஏற்பாடு பண்ணாங்க. சித்ரதுர்கா பக்கம் நேஷனல் ஹைவேல போறவங்க எல்லாருமே மலை முகட்டுல வரிசையா நிக்கறத பாத்திருப்பீங்க, ஆனா கீழ போய் நின்னு நிமுந்து பாக்கறது வேற. டவர் அடில ஒரு இரும்புக் கதவு, நாலஞ்சு படி, உள்ள கன்ட்ரோல் பேனல், அதுல ஒரு சின்ன ஸ்க்ரீன்ல காத்து வேகம், சுத்து வேகம், எத்தனை கிலோவாட்டுன்னு ஓடிட்டே இருக்கு. நான் பாத்துட்டு இருக்கறப்பவே காத்து லேசா ஏறுச்சு, நம்பர் கடகடன்னு மேல போச்சு. அங்க டெக்னீசியனா இருந்த பையன் பணகுடி பக்கம், முப்பந்தல்ல வேல கத்துட்டு கர்நாடகா, குஜராத்னு சுத்திட்டு வந்தவரு. நான் தமிழ்ல பேசறத கேட்டதும் முகமே மாறிடுச்சு. "அண்ணாச்சி, இந்த ஸ்க்ரீன்ல இப்ப வாரத பாத்து கணக்கு போடாதீங்க, டிசம்பர்ல வந்து பாருங்க, ஆள் நடமாட்டம் இல்லாத கோயில் மாதிரி நிக்கும், ஆனா ஆடி மாசம் வந்தா நிறுத்தவே முடியாது"ன்னாரு. சேல்ஸ் ஆளு காட்டுன எக்செல் ஷீட்டுல இல்லாத விஷயத்த அவரு ரெண்டு வரில சொல்லிட்டாரு. கியர் பாக்ஸ் ஆயில் மாத்தறது, பிளேடுல பிசுறு பாக்கறது, இன்வெர்ட்டர் கார்டு போனா எத்தன நாள்ல வரும்னு எல்லாம் பொறுமையா சொன்னாரு. இந்த மாதிரி ஆளுங்க நம்ம தென்மாவட்டத்துல இருந்து நாடு முழுக்க போயிருக்காங்க. நிறைய நாடுகள்ல காத்தாலை நிறுவ பணம் கெடைச்சாலும் பழுது பாக்க உள்ளூர்ல ஆள் இல்ல, ஒரு பேரிங் போச்சுன்னா வெளிநாட்டு இன்ஜினியர் வர்ற வரைக்கும் மெஷின் நிக்கும். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லாததுக்கு இவங்கதான் காரணம்.

பில்லு எப்படி மாறுச்சுன்னு கேப்பீங்க. பெங்களூர் மின் விநியோக கம்பெனி பெஸ்காமோட பில்லு வழக்கம் போல வரும், அதுல வீலிங் ஆன, அதாவது கிரிட்டு கம்பி வழியா காத்தாலைல இருந்து வந்த யூனிட்னு தனியா காட்டி நம்ம மொத்த யூனிட்ல இருந்து கழிச்சிருப்பாங்க, கழிச்ச யூனிட்டுக்கு காத்தாலை கம்பெனி தனி இன்வாய்ஸ் அனுப்பும். இத நல்லா கவனிங்க, குறையறது யூனிட் கணக்குல வர்ற எனர்ஜி சார்ஜ் மட்டும்தான், எவ்வளவு லோடுங்கறத வச்சு வர்ற டிமாண்ட் சார்ஜ்ல பத்து பைசா குறையாது, அத பழையபடியே கட்டணும். "பில்லு பாதியா குறையும்"னு சொல்ற சேல்ஸ்மேன் டிமாண்ட் சார்ஜ மறந்துட்டு பேசறாரு. வீலிங் சார்ஜ், கம்பில போற நஷ்டம் எல்லாம் போக எங்களுக்கு காத்தாலை யூனிட் ஒண்ணுக்கு ஒரு ரூபாய்க்கு மேல மிச்சம் ஆகுது. எங்க மாதிரி மார்ஜின் கம்மியான ஜாப் வொர்க்ல அது பெரிய விஷயம், ஒரு ஆபரேட்டர நிறுத்தாம வச்சிக்கறதுக்கும் நிறுத்தறதுக்கும் நடுவுல இருக்கற தொகை அது.

ஆனா இது வருஷ சராசரி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கரண்ட் கொட்டுது, சாயங்காலத்துக்கு மேல காத்து ஏறறதால எங்க ராத்திரி ஃபர்னஸுக்கு ரொம்ப நல்லா பொருந்துது. அக்டோபர் தாண்டுச்சுன்னா இறங்கிடும், பனிக்காலத்துல சில மாசம் வீலிங் யூனிட் வரி ரொம்ப சின்ன நம்பரா இருக்கும், முழு பில்லும் பழைய மாதிரியே வரும். இத தெரிஞ்சு பணத்த தயாரா வச்சுக்கணும். இங்கதான் பேங்கிங்னு ஒரு ஏற்பாடு வருது, உற்பத்தி நம்ம தேவைக்கு மேல போனா மிச்சத்த கிரிட்டுல வரவு வச்சு அப்புறமா எடுத்துக்கறது. கர்நாடகால முன்னாடி இது வருஷக் கணக்குல இருந்துச்சு, ஆடிக் காத்துல சேத்தத மார்கழில எடுக்கலாம், காத்தாலைக்கு அதவிட பெரிய உதவி எதுவும் இல்ல. 2022ல மத்திய அரசு கொண்டு வந்த கிரீன் எனர்ஜி ஓப்பன் ஆக்சஸ் விதிகள், அதாவது காத்து, சோலார் கரண்ட வெளிய இருந்து கிரிட் வழியா வாங்கறதுக்கான விதிகள், பேங்கிங்க மாசக் கணக்குக்கு கொண்டு வந்துச்சு, 2024 டிசம்பர்ல கர்நாடக ஹைகோர்ட் அந்த விதிகளையே ரத்து பண்ணுச்சு. தொழில் பண்றவன் 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போடறான், விதி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஆடுது. கரண்ட் விநியோகம் பண்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு, காத்து சீசன்ல எல்லாரும் கொண்டு வந்து கொட்டிட்டு, கோடைல கரண்ட் வெல ஏறிக் கிடக்கறப்ப திரும்பக் கேட்டா அவங்க எங்க இருந்து வாங்கித் தருவாங்க? அத நான் ஒத்துக்கறேன். ஆனா ஏற்கனவே கையெழுத்து போட்டவங்களுக்கு பழைய விதி, புதுசா வர்றவங்களுக்கு புது விதின்னு தெளிவா சொல்லிட்டா யாரும் பயப்படாம பணம் போடுவாங்க. பேங்க் கடன் வட்டி ஏறறதுக்கும் இது ஒரு காரணம், விதி எப்ப மாறும்னு தெரியலன்னா கடன் குடுக்கறவன் அதையும் சேத்துதான் வட்டி போடுவான். மேல சொன்னேனே அந்த 1 ரூபாய் 38 காசு, அதுல ஒரு பகுதி இந்த பயத்தோட விலை.

உங்க டாரிஃப்ல ராத்திரி நேரத்துக்கு ரிபேட் இருக்குன்னா இன்னொன்னு கேளுங்க, ராத்திரி வர்ற காத்தாலை யூனிட்ட எந்த நேர யூனிட்ல கழிப்பீங்கன்னு. ஏற்கனவே விலை குறைவா வர்ற யூனிட்ல கழிச்சா மிச்சம் குறையும். எங்களுக்கு இத முதல் இன்வாய்ஸ் வந்ததுக்கு அப்புறம்தான் விளக்கினாங்க, முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப மாசா மாசம் 15 நிமிஷ டேட்டாவ கேட்டு வாங்கறேன், குடுக்கறாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன், அக்கவுன்ட்ஸ்ல இருக்கற அம்மா ரொம்ப நேர்மையா பதில் சொல்வாங்க.

கம்பி விஷயம். சைட் நல்லா இருக்கும், மெஷின் நிக்கும், ஆனா கரண்ட எடுத்துட்டு வர லைன் இருக்காது. இதுக்கு கென்யாவோட துர்கானா ஏரிக் காத்தாலைதான் பெரிய பாடம். 365 மெஷின், 310 மெகாவாட், 2017லயே நிறுவி முடிச்சாச்சு, ஆனா 400 கிலோமீட்டருக்கு மேல போற டிரான்ஸ்மிஷன் லைன கட்ட எடுத்த ஸ்பெயின் கம்பெனி திவாலாயிடுச்சு, 2018 செப்டம்பர் வரைக்கும் அத்தனை மெஷினும் கிரிட்டுல சேராமயே நின்னுச்சு, எடுக்காத கரண்ட்டுக்கு அரசாங்கம் ஈடு கட்ட வேண்டியதாப் போச்சு, அதாவது அந்த நாட்டு மக்கள் பணம். நீங்க சேரப் போற காத்தாலை ஏற்கனவே ஓடிட்டு இருக்கா, இல்ல இனிமேதான் கட்டப் போறாங்களான்னு கண்டிப்பா கேளுங்க. இனிமேதான்னா சப்ஸ்டேஷன்ல பே, அதாவது லைன் வந்து சேர்ற இடம், ஒதுக்கியாச்சான்னு லெட்டரக் காட்டச் சொல்லுங்க. எங்களோடது ஏற்கனவே ஓடிட்டு இருந்தது, அதனாலதான் ஒத்துக்கிட்டேன்.

நிலம் பத்தி பேசாம விட்டா மனசு கேக்காது. கென்யாலயே கினங்கோப்னு ஒரு இடம், 60 மெகாவாட் திட்டம், உள்ளூர் விவசாயிங்க எதிர்ப்புல 2016ல கைவிட்டாங்க. துர்கானாலயும் அந்த நிலத்துக்கு பட்டா வாங்குன முறை சரியில்லன்னு 2021ல கோர்ட்டு சொல்லுச்சு. நமக்கு கிட்டத்துல இலங்கைல மன்னார். அங்க 2020 டிசம்பர்ல தொறந்த தம்பபவனி காத்தாலை நூறு மெகாவாட்டுக்கு கொஞ்சம் மேல ஏற்கனவே ஓடுது, அதுக்கப்புறம் வர இருந்த பெரிய திட்டத்துக்கு மீனவ மக்களும் பறவை ஆர்வலர்களும் எதிர்ப்பு, வெளிநாட்டுல இருந்து வலசை வர்ற பறவைங்க பாதை அது, விலை விவகாரமும் சேந்து 2025 பிப்ரவரில அதானி குழுமம் விலகிடுச்சு. காத்தாலை வேணும்னு முழு மனசோட நினைக்கறவன் நான், ஆனா மெஷின் நிக்கற ஊர்க்காரங்களுக்கு வெறும் சத்தமும் நிழலும்தான் மிச்சம்னா அவங்க ஏன் ஒத்துக்கணும்? நாங்க போன சைட்டுல மெஷின் அடில கடலையும் சோளமும் போட்டிருந்தாங்க, டவருக்கும் ரோட்டுக்கும் மட்டும்தான் இடம் எடுத்திருக்கு. அந்த நிலத்துக்காரருக்கு ஒரு தடவ பணத்த குடுத்து முடிச்சாங்களா, வருஷா வருஷம் குத்தகையான்னு கேட்டேன். சேல்ஸ் ஆளுக்கு தெரியல. இது தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம், நானும் அதுல பங்குதாரர்தானே. எழுத்துல கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. ரேட்டிங்ல அரை ஸ்டார் குறைச்சது இதுக்குத்தான்.

எங்க அப்பார்ட்மென்ட்ல ஒரு அக்கா கேட்டாங்க, "இவ்வளவு சொல்றீங்களே தம்பி, நம்ம மொட்டை மாடில ஒரு சின்ன காத்தாடி போட்டுக்கலாமே"ன்னு. ஆன்லைன்ல விக்கறாங்க, ஒரு கிலோவாட்னு போட்டிருக்கும். அவங்களுக்கு சொன்ன கணக்க இங்கயும் போடறேன். காத்தோட சக்தி வேகத்தோட மூணாவது அடுக்குல மாறும், வேகம் பாதியானா சக்தி எட்டுல ஒரு பங்காயிடும். ரெண்டு மீட்டர் விட்டம் உள்ள மெஷின், காத்துல இருக்கற சக்தில 30 சதவீதத்த எடுக்குதுன்னு வச்சுக்குவோம். செகண்டுக்கு 12 மீட்டர் வேகத்துல அடிச்சா ஆயிரம் வாட் வரும், அந்த டப்பா மேல எழுதியிருக்கறது இதுதான், ஆனா 12 மீட்டர்னா மணிக்கு 43 கிலோமீட்டர், துணி காயப் போட முடியாத காத்து. 6 மீட்டர்ல 125 வாட். 3 மீட்டர்ல 15 வாட், ஒரு எல்ஈடி பல்பு எரியும், அதுவும் மெஷின் சுத்த ஆரம்பிச்சாத்தான். நகரத்துல பக்கத்து கட்டிடம், தண்ணித் தொட்டி, மரம்னு காத்து ஒடஞ்சு சுழல் சுழலாத்தான் வரும், பேரிங்கும் சீக்கிரம் போகும். பெரிய மெஷினெல்லாம் ஏன் 100, 140 மீட்டர் உயரத்துல நிக்குதுன்னா இதனாலதான். அதே தேசிய நிறுவனத்தோட கணக்குல 100 மீட்டர்ல 302 கிகாவாட், 120 மீட்டர்ல 695, 150ல 1,164னு ஏறுது, அதே நாடு, உயரம் மட்டும்தான் மாறுச்சு. அதனால அக்காவுக்கு சோலார் போடுங்கன்னு சொல்லிட்டேன். காத்துல விருப்பம் இருந்தா ஊருக்கு வெளிய பெரிய மெஷின்ல பங்கு வாங்கற வழி வீட்டுக்காரங்களுக்கும் வரணும்.

எல்டி யூனிட் பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. பீன்யால எங்க ரோட்டுலயே லேத்து ரெண்டு, மில்லிங் ஒண்ணுன்னு வச்சு ஓட்டற நம்மாளுங்க எத்தன பேரு, பாதிப் பேர் சேலம், ஓசூர், தர்மபுரி. அவங்க கனெக்ஷன் 100 கிலோவாட்டுக்கு ரொம்ப கீழ. கோர்ட்டு ரத்து பண்ண அந்த 2022 விதில ஓப்பன் ஆக்சஸ் வரம்ப ஒரு மெகாவாட்ல இருந்து 100 கிலோவாட்டா குறைச்சது நல்லதுதான், நிறைய நடுத்தர யூனிட்டுக்கு கதவு தொறந்துச்சு, ஆனா அதுக்குக் கீழ இருக்கறவங்க நடைமுறைல அப்படியேதான் நிக்கறாங்க. ஒரே ரோட்டுல இருக்கற பத்து எல்டி யூனிட்ட சேத்து ஒரே கணக்கா எடுத்துக்கற மாதிரி வழி வரணும்னு எங்க அசோசியேஷன் மீட்டிங்ல எழுப்பியிருக்கேன், கூட ரெண்டு மூணு பேர் கையெழுத்தும் போட்டிருக்காங்க.

இப்ப சேரப் போறவங்களுக்கு கடைசியா. வருஷ சராசரி வேண்டாம், மாசவாரியா உற்பத்தி எவ்வளவுன்னு போன மூணு வருஷத்து ஷீட்ட கேளுங்க. 51 சதவீதம் யாரோ ஒரு பெரிய பங்குதாரர் எடுக்காம விட்டதால தவறுச்சுன்னா சர்சார்ஜ் எல்லார் தலைலயும் விழும், அத யார் கட்டுவாங்கன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கான்னு பாருங்க. எங்க ஒப்பந்தத்துல எடுக்காதவர்தான் கட்டணும்னு தெளிவா இருக்கு, வக்கீல வச்சு படிச்சு சேக்க வச்சோம், அவங்களும் மறுக்காம சேத்தாங்க. நடுவுல யூனிட்ட மூடினாலோ இடம் மாத்தினாலோ ஷேர் பணம் எந்த விலைக்குத் திரும்ப வரும், லாக்-இன், அதாவது வெளிய போக முடியாத காலம், எத்தன வருஷம், இதெல்லாம் கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. எங்களோடத அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம். தாமதத்துக்கு ஒண்ணு, நிலத்துக் கேள்விக்கு பதில் தராததுக்கு அரை. பதில் வந்தா அரைய திரும்பப் போட்டுட்டு இங்கயே எழுதறேன். கான்ட்ராக்ட்ல எந்த வரி புரியலன்னாலும் கீழ கேளுங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.